குகைக்குள் ஒரு நிமிட இருட்டு

உலகத்தின் மற்றப் பக்கத்தில், ஒரு மலைக் குகைக்குள் நின்றபோது, என் இரண்டு கண்ணும் போய்விட்டன என்று நம்பினேன். சும்மா சந்தேகம் இல்லை, முழு நம்பிக்கை. கோயிலில்கூட நான் அவ்வளவு உறுதியாக எதையும் நம்பியதில்லை.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை, மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கப்பலின் சாப்பாட்டு மண்டபத்துக்குத் தனியாகப் போய் மூன்று துண்டு சொக்லேட் கேக் சாப்பிட்டிருந்தேன். நான்காவது துண்டைப் பேப்பரில் சுற்றிக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். எனக்குச் சீனி வருத்தம். இப்படியே போனால் ஒருநாள் கண்ணைப் பிடிக்கும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அந்த ஒருநாள் இதுதான், கணக்காகக் குகைக்குள் வைத்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

நாங்கள் தன்னாமுனைக்காரர். வாவிக்கரையில் வீடு. ஏறாவூரில் எனக்கு ஒரு சின்னக் கடை, போட்டோக் கொப்பி அடிப்பதும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் வேலை. மனைவி பழுகாமத்துப் பிள்ளை, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கல்யாணம் முடித்து இருபத்தேழு வருசத்தில் ஒருவர் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கு நான் 'இஞ்சருங்க', எனக்கு அவள் 'இஞ்சே'. அதனால் இந்தக் கதையிலும் பெயர் இல்லை.

கனடாவில் இருக்கிற மகள், தன்னைப் பார்க்க வந்த எங்களைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் ஒரு கிழமைக் கப்பல் பயணத்துக்கு ஏற்றிவிட்டாள். விசா எடுத்த கதையை எழுதினால் அதற்குத் தனிப் புத்தகம் வேண்டும். கப்பல் ஒவ்வொரு துறையிலும் நிற்கும், இறங்கி ஊர் பார்த்துவிட்டு மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அப்படி இறங்கிய ஒரு துறையில் காலையில் குகை, மத்தியானம் மாயன் காலத்துக் கோயில். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்து வளர்ந்த ஆளைக் குகை காட்டவென்று பஸ்சில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று வழியெல்லாம் பகிடி விட்டேன். மனைவி சிரிக்கவில்லை. இடையில் ஒருமுறை என் முகத்தைப் பார்த்து, "இஞ்சருங்க, வாய்க்கரையில என்ன கறுப்பா?" என்றாள். மீசைக்குப் பூசின சாயம் என்றேன். நான் மீசைக்குச் சாயம் பூசுவதில்லை என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

குகை வாசலில் ஆளுக்கொரு தலைக்கவசம் தந்தார்கள், நெற்றியில் விளக்கு வைத்தது. இருபது பேர் வரிசையாக உள்ளே போனோம். கணுக்கால் அளவு தண்ணீர். கூரையிலிருந்து கல் மெழுகு போல உருகி இறங்கி நின்றது. ஒரு பெரிய மண்டபம் போன்ற இடத்தில் வழிகாட்டிப் பெடியன் நின்று, ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. எனக்குக் கீழே தண்ணீருக்குள் செருப்பு வார் கழன்றுவிட்டது, குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். உலகம் இல்லை.

இருட்டு எனக்குப் புதிதில்லை. கரண்ட் இல்லாத வருசங்களில் வாவியில் இறால் பிடிக்கப் போன ஆள் நான். ஆனால் வாவி இருட்டில் எங்கேயாவது ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கும், தண்ணீராவது மினுங்கும். இங்கே கையை மூக்கு முட்டக் கொண்டுவந்தும் தெரியவில்லை. ஒருவரும் பேசவுமில்லை. மற்ற எல்லோரும் குகையைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு மட்டும்தான் இருண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மற்ற ஆட்களுக்கும் இருண்டிருக்கலாம் என்ற யோசனை ஒரு நொடிகூட வரவில்லை. குற்றம் செய்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். தண்டனை என்றால் அது தன் பெயருக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் தடவினேன். ஒரு கை அகப்பட்டது. இறுக்கிப் பிடித்தேன்.

"இஞ்சே, எனக்குக் கண் போயிட்டுது," என்றேன். "சீனிதான். விடிய கேக் திண்ட நான். கேக் மட்டுமில்ல கா. அந்த ரிப்போட்டு... அது கள்ள ரிப்போட்டு. நான்தான் கடையில வச்சி மாத்தின. சீனி குறையல்ல. ஒரு நாளும் குறையல்ல. நீ சும்மாதான் தீ மிதிச்ச."

இந்தக் கடைசி வசனத்துக்கு விளக்கம் வேண்டும்.

போன வருசம் என் சீனி ஏறிக்கொண்டே போனது. மனைவி பழுகாமத்து அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள், சீனி குறைந்தால் தீ மிதிப்பேன் என்று. அவளுக்கு நெருப்பென்றால் பயம். அடுப்பில் எண்ணெய் கொதித்தால் இரண்டடி தள்ளி நின்று கடுகு போடுகிற ஆள். அந்த ஆள் அப்படி ஒரு நேர்த்தி வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று மாதமாக வீட்டில் குரக்கன் பிட்டும் பாவற்காயும்தான் என்பது. ஒருநாள் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டு கைக்கு வந்தது. இலக்கம் முன்னையதைவிடக் கூடியிருந்தது. கடையில் வெள்ளை மை இருந்தது, எழுத்து அடிக்கிற கணினி இருந்தது, கொப்பி மெசின் இருந்தது. பத்து நிமிட வேலை. ஒரு மாதமாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுதான் செய்தேன். அதைவிடப் பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை.

அவள் அந்தத் தாளைப் படித்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிறகுதான் நேர்த்தியைச் சொன்னாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நெருப்புப் பக்கம் போவாத, பொங்கல் வச்சாக் காணும்," என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "அம்மன் குடுத்திட்டா. நான் குடுக்காம விடுறதா?" என்றாள். விரதம் இருந்தாள். மஞ்சள் சீலை கட்டி, கையில் வேப்பிலையோடு, உதடு நடுங்க வரிசையில் நின்றாள். நான் சனத்தோடு சனமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் இறங்கினபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் மறுபக்கம் போய்விட்டாள். கால் கொப்பளிக்கவில்லை. அன்று ராவு முழுக்க அந்தக் காலை அவள் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினாள். எனக்கும் காட்டினாள்.

இதைத்தான் குகைக்குள் சொன்னேன். சொல்லி முடிய, சட்டென்று எல்லா விளக்கும் எரிந்தன. என் விளக்கும் எரிந்தது. என் இரண்டு கைக்குள்ளும் இருந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவருடைய கை, பொன்நிறத்தில் மயிர் அடர்ந்தது. அவர் மற்றக் கையால் என் தோளில் மெல்லத் தட்டி என்னவோ ஆறுதல் சொன்னார். கண் தெரிகிறது என்ற சந்தோசத்தில் அவருடைய கையை நானும் குலுக்கினேன்.

திரும்பிப் பார்த்தேன். மனைவி எனக்குப் பின்னால் நின்று தன் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அந்தாளுட கையப் புடிச்சி என்ன கதச்ச நீங்க?"

"ஊர்ப் புதினம்."

"ம்," என்றாள். "செருப்பு வாரப் போடுங்க, விழுந்திடுவீங்க."

ரகசியமாகத்தான் சொன்னேன், அவள் காதில் விழவில்லை என்று முடிவு கட்டினேன். குகைக்குள் ஒரு தண்ணீர்ச் சொட்டு விழுந்தாலே பத்துத் தரம் திருப்பிச் சொல்கிறது என்பதை யோசிக்கவில்லை. வெளியே வந்ததும் பையில் இருந்த நான்காவது கேக் துண்டை, நம்புவீர்களோ தெரியாது, தின்றேன். தப்பிவிட்ட சந்தோசம்.

மத்தியானம் மாயன் கோயில். பெரிய கற்படிக்கட்டு, வானம் வரைக்கும் போகிற மாதிரி. வழிகாட்டி, அந்தக் காலத்தில் இதன் உச்சியில் பூசை நடந்தது என்று சொன்னான். அவ்வளவுதான். மனைவி குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

எங்கள் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கல் கொதிக்கிறது, சப்பாத்தைப் போடுங்கள் என்று வழிகாட்டி ஓடிவந்தான். அவள் கையால் வேண்டாம் என்று காட்டினாள்.

"இஞ்சே, இது இப்ப கோயிலில்ல," என்றேன். "சாமி எப்பவோ எழும்பிப் போயிட்டுது. நம்மட ஆக்கள் ஆருமில்ல பாக்கிறதுக்கு."

"பூச நடந்த இடமாம். செருப்போட ஏறச் சொல்றீங்களா?"

"கால் சுடும்."

"தீயில நடந்த கால்," என்றாள். "இது என்ன சூடு."

நானும் வெட்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன். தடுத்தாள். "நீங்க போட்டுக்கொண்டு வாங்க. சீனிக்காலச் சுட்டுப்போட்டா ஆறாது."

எனக்கு எங்கே சீனி, ரிப்போட்டில்தான் குறைந்துவிட்டதே என்று கேட்டிருக்க வேண்டும். அவள் விறுவிறென்று ஏறினாள். நான் செருப்போடு பின்னால். ஒவ்வொரு படியிலும் அவளுடைய உள்ளங்கால் என் கண்ணுக்கு நேரே வந்து போனது. நடுவழியில் அவள் ஒருமுறை நின்று ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்தாள். சுட்டிருக்க வேண்டும். உச்சியில் இருந்த சின்ன நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சுற்றிவரக் காடு. சொல்லிவிட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது இதுதான்: "நம்மட தான்தோன்றீஸ்வரத்துக்கும் இப்பிடிப் படி கட்டியிருந்தா உபயகாரர் பாதிப் பேர் வரமாட்டாங்க."

அவள் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது கீழே போய்த்தான் சப்பாத்தைப் போட்டாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்பளம் வந்திருந்தது. தீயில் வராதது.

ஊருக்கு வந்து சேர்ந்தோம். முதல் வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. களைப்பு என்று நினைத்தேன். இரண்டாம் வெள்ளியும் போகவில்லை. ஏறாவூர்க் கடைக்கு வருகிற சனத்துக்குக் குகைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன், அதில் கேக் வரும், வெள்ளைக்காரர் கை வரும், ரிப்போட்டு வராது. மூன்றாம் வெள்ளி அவளுடைய அக்கா பழுகாமத்திலிருந்து போன் எடுத்துக் கேட்டாள், ஏன் வரவில்லை என்று. மனைவி ஏதோ சாட்டுச் சொல்லி வைத்தாள்.

"என்ன, அம்மனோட கோவமா?" என்றேன், பகிடியாக.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த முகத்தோட போற? குடுத்திட்டா, குடுத்திட்டா எண்டு சனத்துக்கெல்லாம் சொன்ன நான். அம்மன் ஒண்டும் குடுக்கல்ல. குடுக்காத ஒண்டுக்கு நன்றி சொல்லிப்போட்டு நிக்கிறன்."

"ஆர் சொன்ன?"

"நீங்கதான் சொன்ன. அந்த வெள்ளக்காரனுட கையப் புடிச்சிக்கொண்டு."

"அப்ப ஏன் அண்டைக்கே கேக்கல்ல?"

"சொல்லுவீங்க எண்டு பாத்த. கண் தெரியக்குள்ளயும் சொல்லுவீங்க எண்டு பாத்த."

மீன் செதில் ஒன்று அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதைக் காட்டிச் சொல்ல ஒரு பகிடி வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன். ரிப்போட்டை மாற்றினது, சீனிக்குத் தந்த குளிசையை வாவிக்குள் எறிந்தது, கேக், எல்லாவற்றையும் இந்த முறை வெளிச்சத்தில், அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்டாள். மீனைக் கழுவினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடிய வெறும் வயிற்றோடு என்னை இரத்தம் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். ரிப்போட்டைத் தன் கையால் வாங்கினாள். முன்னையதைவிடவும் கூட. அந்த வெள்ளிக்கிழமை அதையும் எடுத்துக்கொண்டு அவள் பழுகாமம் போனாள். என்னையும் கூப்பிட்டாள். உள்ளே நின்று அம்மனுக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் வாசலில் வெறுங்காலோடு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்சில் கேட்டேன், குகைக்குள் அவள் எவ்வளவு தூரத்தில் நின்றாள் என்று. சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

வழிகாட்டி எல்லோரையும் ஒரு நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னான். எல்லோரும் அணைத்தார்கள். நான் குனிந்து செருப்போடு நின்றதால் கேட்கவில்லை. பின்னால் நின்ற அவள் கையை நீட்டி என் விளக்கை அணைத்தாள். அந்த நிமிடம் முடியும்வரை கையை என் தலைக்கவசத்தின் மேலேயே வைத்திருந்தாள். பிறகு அவளே அதை எரியவிட்டாள்.