மற்றக் குரல்

அப்பா தன் வாழ்நாளில் ஒரேயொரு பாட்டைத்தான் இசைத்தட்டுக்காகப் பாடினார். ஆணும் பெண்ணுமாகப் பாடும் சோடிப் பாட்டு அது. மழையில் குடையில்லாமல் சைக்கிளில் போகிறவன், வழியில் ஒதுங்கி நிற்கிறவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்பான். அவள் ஒன்றுக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டாள். கொழும்பில் பதிந்த சின்னத் தட்டு. நடுவில் ஒட்டியிருந்த செம்மஞ்சள் தாளில் அப்பாவின் பெயர் இருந்தது, அதற்குக் கீழே 'குழுவினர்' என்று இருந்தது. அந்தக் காலத்தில் வானொலியில் மெல்லிசை நேரத்தில் அடிக்கடி போட்டார்களாம்.

ஒரு பத்திரிகை அதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தது. பெண் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், ஆண் குரலுக்குத்தான் கொஞ்சம் தடிமன் பிடித்திருக்கிறது என்பது அதன் சாரம். அப்பா அந்தத் துண்டைச் சாகும்வரை பர்சில் வைத்திருந்தார். யாருக்காவது காட்டும்போது இரண்டாவது பாதியைப் பெருவிரலால் மூடிக்கொள்வார்.

சுவிசில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்த மற்றக் குரல் அம்மாவுடையது. எனக்கும் அப்படித்தான். கலியாண வீடோ பிறந்தநாளோ, சாப்பாடு முடிந்ததும் யாராவது, "அக்கா, ஒரு ரெண்டு வரி" என்று தொடங்குவார்கள். அம்மா கழுத்தைத் தொட்டுக்காட்டி, தொண்டை சரியில்லை என்பார். முப்பது வருடமாக ஒருவருக்குத் தொண்டை சரியில்லை என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் அவரை டொக்டரிடமாவது கூட்டிப்போயிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா எனக்குத் தாலாட்டுப் பாடியதில்லை. கோயிலில் தேவாரம் படிக்கும்போது வாயை மட்டும் அசைப்பார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான் நான். புத்திசாலி என்று வேறு எனக்குப் பெயர்.

அப்பா போய் ஆறு வருடம். போன குளிர்காலத்தில், சூரிச்சில் லாங்ஸ்ட்ராச என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை அந்தத் தட்டைக் கேட்டார். முன்பு வீடியோக் கசெற் வாடகைக்குக் கொடுத்தவர், இப்போது அரிசியும் கறித்தூளும் விற்கிறார், பழைய பாட்டுப் பைத்தியம் மட்டும் போகவில்லை. நான் தட்டையும் கொடுத்து, கேட்காமலே அப்பா அம்மாவின் கலியாணப் படத்தையும் கொடுத்தேன். அவர் பாட்டைச் சுத்தம் செய்து, அந்தப் படத்தை மேலே வைத்து யூடியூப்பில் போட்டார்.

கீழே வந்து குவிந்த கருத்துகளை நான் ட்ராமில் போகும்போதெல்லாம் வாசித்தேன். இப்படியொரு தம்பதியை இனி எங்கே பார்ப்பது என்று கனடாவிலிருந்து ஒருவர் உருகியிருந்தார். அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே சமைத்ததாக ஒரு பெண் எழுதியிருந்தார். ஆண் குரல் மூக்கடைத்தது போல இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்பா இருந்திருந்தால் திரையிலும் பெருவிரலை வைத்திருப்பார்.

கடைக்கார அண்ணைக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து ஊரான டீட்டிகோனில் நடக்கப்போகும் மூத்தோர் ஒன்றுகூடலில் பாட்டைப் போட்டு, அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவெடுத்தார்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு மத்தியானம் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. நான் வேலை செய்யும் லாகரில், அந்தச் சாமான் கிடங்கில், பெட்டிகளுக்கு நடுவில் நின்று பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, நான் கூர் நகரத்திலயிருந்து கதைக்கிறன். கடைக்காரத் தம்பிதான் உங்கட நம்பர் தந்தவர், ஏனெண்டு அவருக்குச் சொல்லேல்லை. அந்தப் பாட்டில பொம்பிளைக் குரல் என்ர."

"அது என்ர அம்மா பாடினது" என்றேன் வெடுக்கென்று.

"இல்லைப் பிள்ளை."

சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கலியாணம் பேசுகிற வயதில் இருக்கிற தங்கச்சியின் பெயர் காதல் பாட்டுத் தட்டில் வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் தமையன் பாட விட்டார். அதனால்தான் 'குழுவினர்'. பிறகு கலியாணம் நடந்தது. புருசனுக்கும் சொல்லவில்லை. சுவிசுக்கு வந்து, கூரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து பென்சனும் எடுத்துவிட்டார்.

"என்ர மனிசன் போன வருசம் கண்ணை மூடிட்டார். இனி மறைக்கிறதுக்கு வீட்டில ஒருத்தருமில்லை" என்றார். "எனக்குப் பொன்னாடை வேண்டாம் பிள்ளை. அதை அம்மாவுக்கே போத்துங்கோ. ஆனா என்ர குரலுக்கு மேல இன்னொராளின்ர முகத்தை வச்சிருக்கினம், நான் உயிரோட இருக்கேக்கையே. அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்த கோபம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா மேல் திரும்பிவிட்டது. யக்கெற்றைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றேன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பாட்டு நீங்கள் பாடினதோ?"

கத்தி நின்றது. "ஆர் சொன்னது?" என்றார்.

அதுவே பதில். கூர்க்காரி சொன்னதையெல்லாம் நான் கொட்டினேன். அம்மா வெட்டிய லீக்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிக் காம்பில் ஒரு பொடியன் கசெற்றில் அந்தப் பாட்டைப் போட்டானாம். இது நான் பாடினது என்று அப்பா துள்ளி எழும்பினாராம்.

"அப்ப மற்றக் குரல் அக்காவோ எண்டு கேட்டாங்கள். கொப்பா சிரிச்சார்."

"நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன? அப்ப அது ஆர் எண்டு கேப்பாங்கள். மழைக்குள்ள உன்ர மனிசனோட நிண்டவள் ஆர் எண்டு கேப்பாங்கள். கொப்பா அந்தத் தமையனுக்கு வாக்குக் குடுத்தவர், பேர் சொல்லமாட்டன் எண்டு. எனக்கே சொல்லேல்லை. நூறு பேர் நூறு கதை கட்டுறதுக்கு, அது நானெண்டே இருக்கட்டும் எண்டு விட்டன்."

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி, "பிறகு அது எனக்குப் பிடிச்சும் போச்சு" என்றார். "பகல் முழுக்கக் கக்கூசு கழுவிப்போட்டு வந்து நிப்பன். எங்கட சனம் என்னைப் பாட்டுக்காரி எண்டு பாக்கும்."

அந்த ஒரு சொல்லில் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றியது. "சரி, படத்தை எடுக்கச் சொல்லுறன். உங்களுக்குச் சுகமில்லை, வரமாட்டியள் எண்டும் சொல்லிவிடுறன். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியவராது" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவவுக்கு என்ன கிடைக்கும்?"

அம்மா அவருடைய நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார். வெளியே வந்து, "அண்டைக்கு வாறாவாம். அவவுக்கு மரக்கறிச் சாப்பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்ச லீக்ஸை வெட்டத் தொடங்கினார்.

ஒன்றுகூடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தில் நடந்தது. கூரிலிருந்து வந்தவர் சிறிய உருவம், சாம்பல் நிறக் கோட், நடக்க வசதியான தடித்த சப்பாத்து. அம்மா வாசலுக்கே போய் அவர் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் ரயில் பிந்தியதையும் சூரிச்சில் மாறி ஏறியதையும்தான் கதைத்தார்கள். பிறகு அவரை மூன்றாவது வரிசையில் இருத்திவிட்டு அம்மா முன்னால் போனார்.

பாட்டுப் போட்டார்கள். பெண் குரல் வந்ததும் மண்டபம் அப்படியே அடங்கியது. எங்கள் சனம் அவ்வளவு பேர் ஓரிடத்தில் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. மூன்றாவது வரிசையில் அவர் தலையைக் குனிந்து மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு தன் குரலை ஊர் கேட்கிறது, அது தன்னுடையது என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைக்கார அண்ணை பொன்னாடையோடு வந்தார். அம்மா அதற்கு முன்பே மைக்கை வாங்கிவிட்டார்.

"இந்தப் பாட்டை நான் பாடேல்லை" என்றார்.

மண்டபம் கைதட்டியது. "என்ன ஒரு அடக்கம் பாருங்கோ!" என்றார் அண்ணை.

"இல்லைத் தம்பி, உண்மையாத்தான் சொல்லுறன். நான் பாடேல்லை."

கைதட்டல் இன்னும் கூடியது. செத்துப்போன மனிசனை நினைத்து அக்கா கலங்கிப்போய்விட்டா என்று எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அம்மா சத்தியம் பண்ணினார். சனம் சிரித்தது. பொன்னாடை அம்மாவின் தோளுக்கு வந்தேவிட்டது. நான் எழுந்து மேடைக்கு ஓடினேன், ஓடி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அம்மா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். பாடத் தொடங்கினார்.

சுருதி ஒரு பக்கம் போனது, அம்மா ஒரு பக்கம் போனார். மழையில் நிற்கிறவள் சொல்லும் முதல் பதில் அது. இரண்டாவது வரியில் மூச்சு முட்டியது, மூன்றாவதில் குரல் கீச்சிட்டது. முதலில் எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பிறகு, முப்பது வருடமாக ஒருவருக்கும் காட்டாத குரலை அம்மா இத்தனை பேருக்கு முன் எடுத்து வைக்கிறார் என்று புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. அம்மா ஒரு சொல்லையும் விடவில்லை. நாலு வரியையும் பாடி முடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை.

"இப்ப நம்புறியளோ?" என்றார் அம்மா. கையை நீட்டி மூன்றாவது வரிசையைக் காட்டினார். "அந்தா இருக்கிறா. அவதான் பாடினவ."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா மேடையிலிருந்து இறங்கிப் போய் மைக்கை அவர் முன்னால் நீட்டினார். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு இப்ப குரல் இல்லையக்கா."

"எனக்கு எப்பவுமே இருக்கேல்லை" என்றார் அம்மா. "நான் பாடேல்லையோ? எழும்புங்கோ."

அவர் எழுந்தார்.