பனிக்கடியில் தயிர்சாதம்

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு வசந்தகால ஞாயிற்றுக்கிழமையில், அவள் தொண்டைக்குள் என் இரண்டு விரல்களை விட்டு வாந்தியெடுக்க வைத்தேன். பன்றிக் கொழுப்பில் வெந்த மொச்சையை அவள் சாப்பிட்டிருந்தாள். அது மட்டுமே காரணம் என்று அன்று எல்லோரையும் நம்பவைக்கப் பார்த்தேன். என்னுடைய ஒரு திருட்டுத்தனத்தை மறைப்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன்.

மாண்ட்ரியாலில் வசந்தம் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். ஐந்து மாதம் பனிக்குள் கிடந்ததெல்லாம் ஏப்ரலில் வெளியே வரும். நாய்ப் பீ, ஒற்றைக் கையுறைகள், ஊறிப்போன சிகரெட் துண்டுகள், எப்போதோ செத்த புறா. அப்போது நாங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். பின்பக்கத்துச் சந்தில் எங்கள் கேரவன் நிற்கும். காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சின்ன வண்டி. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு மேசை, மூலையில் சின்னக் கழிப்பறை. பனி கரைந்ததும் அதைத் திறந்து கழுவி, மூவருமாக எங்காவது நாட்டுப்புறம் போய்வருவோம்.

புவாண்ட்-கிளேரில் ஒரு நிறுவனத்தில் எனக்குப் பொறியாளர் வேலை. சைவக் குடும்பம் எங்களுடையது. முட்டைகூட வீட்டுக்குள் வராது. தினமும் என் மனைவி டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் ஊறுகாயும் வைத்து அனுப்புவாள். முதல் குளிர்காலத்தில் அலுவலகத்தில் நான் அந்த டப்பாவைத் திறந்தபோது, எதிர்மேசைக்காரர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். வெளியே கடும் பனிக்காற்று. மறுநாள் அவரோடு கேன்டீனுக்குப் போனேன். அவர் வாங்கியதையே நானும் வாங்கினேன். ரொட்டிக்கு நடுவில் பன்றி இறைச்சி. வேறு வழியில்லாமல் தின்றேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் தினமும் அதேதான். மாலையில் சந்தில் காரை நிறுத்திவிட்டு, டப்பாவிலிருந்த சாதத்தைக் கேரவனுக்குப் பின்னால் பனியில் கொட்டி, காலால் பனியைத் தள்ளி மூடிவிட்டு, காலி டப்பாவோடு மாடியேறுவேன். "இன்னைக்கும் மிச்சம் வைக்கலையா?" என்று அவள் சந்தோஷமாகக் கேட்பாள். சில வருடங்கள் தப்பித்தேன். மகளுக்கு ஏழு வயதான அந்த வருடம் குளிர் நீண்டதால் கொட்டியது எல்லாம் அப்படியே உறைந்து கிடந்தது.

தமிழ்ப் புத்தாண்டு வாரநாளில் வந்தால் அதற்கு முந்தைய ஞாயிறே கொண்டாடிவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறுக்குக் கீழ்வீட்டு பிரெஞ்சுக் குடும்பம் எங்களையும் அழைத்திருந்தது. நாட்டுப்புறத்தில் மேப்பிள் மரத்துச் சாறைக் காய்ச்சும் ஒரு பண்ணை, அங்கேயே விருந்து. கீழ்வீட்டுப் பெண் என் மகளின் வகுப்புத் தோழி. ஒரு மாதமாக மகளுக்கு வேறு பேச்சே இல்லை.

சனிக்கிழமை காலையில் கேரவனைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. மெத்தையைக் குடைந்து எலிகள் கூடு கட்டியிருந்தன. கூட்டுக்குள் சுண்டுவிரல் நீளத்தில், ரோமம் முளைக்காத குஞ்சுகள் செத்து ஒட்டிக்கிடந்தன. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியை எடுக்க வண்டிக்குப் பின்னால் போனாள். நெடுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

பாதி கரைந்த பனித்திட்டில், அடுக்கடுக்காக, மஞ்சளும் சாம்பலுமாகச் சோறு. ஓரத்தில் எலிப் புழுக்கை. மேலே பூஞ்சை. ஊறுகாய் எண்ணெய் பனியில் சிவப்பாக இறங்கியிருந்தது. புளித்த நெடி அடித்தது.

"ஏங்க, என்னது இது?"

"பக்கத்து வீட்டுக்காரங்க எதையோ கொட்டியிருக்காங்க."

அவள் குனிந்து பார்த்தாள். "அவங்க வீட்ல கடுகு தாளிக்கிறாங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்துவந்து கேரவனைக் கழுவ ஆரம்பித்தாள். எலிக்குஞ்சுகளையும் அவள்தான் எடுத்துப் போட்டாள்.

அன்று மாலையே பண்ணை வயலோரம் சேற்றில் கேரவனை நிறுத்தினோம். மறுநாள் காலையில் அதன் சின்ன அடுப்பில் அவள் பச்சடி செய்தாள். மாங்காய்க்குப் பதில் பச்சை ஆப்பிள், வெல்லத்துக்குப் பதில் அந்தப் பண்ணையின் மேப்பிள் பாகு, ஊரிலிருந்து தபாலில் வந்த காய்ந்த வேப்பம்பூ. மகள் வேப்பம்பூவை மட்டும் துப்பிவிட்டு, கொட்டகைக்கு ஓடிவிட்டாள்.

கொட்டகையில் நீளமான மேசைகள். பாகின் இனிப்பு வாடையும் கொழுப்பின் வாடையும் கலந்து சுவரெல்லாம் பிசுபிசுத்தது. என் மனைவி மொச்சையைக் காட்டி, இதில் இறைச்சி உண்டா என்று கீழ்வீட்டு அம்மாளிடம் கேட்டாள். "சேச்சே, வெறும் மொச்சை" என்றாள் அந்த அம்மாள். அவள் பொய் சொல்லவில்லை. கொழுப்பை அங்கே யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு மேசையில் பொன்னிறமாகச் சுருண்டு கிடந்த ஏதோ ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"அம்மா, வத்தல்! நம்ம வீட்டு வத்தல் மாதிரியே இருக்கு. அப்பா, நீங்களும் சாப்பிடுங்க."

என் வாயிலும் ஒன்றை வைத்தாள். கடித்தவுடன் நாக்கு சொல்லிவிட்டது. பன்றித் தோல் வறுவல். நிமிர்ந்தால், என் மனைவியும் ஒன்றை எடுத்து வாயருகில் கொண்டுபோயிருந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"சாப்பிடாதே. பன்னி."

அவள் தட்டில் விழுந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தணிந்த குரலில் கேட்டாள். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் போதும். அன்றே முடிந்திருக்கும். நான் மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப்போனேன். எவ்வளவு ஆவேசம் காட்டினால் அந்தக் கேள்வி அமுங்கும் என்ற கணக்கு மட்டும்தான் மனதில் இருந்தது. சுவரோரம் அவளைக் குனியவைத்து விரலை விட்டேன். அவள் கடித்தாள். மறுபடியும் விட்டேன். மொச்சையும் பாகும் காலையில் தின்ற ஆப்பிளும் பனியில் விழுந்தன. அவள் மூக்கிலும் வழிந்தது.

அடுத்ததாகக் குழந்தைகளுக்குச் சுத்தமான பனியில் சூடான பாகை ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தருவார்கள். அதற்காகக் குச்சியோடு வெளியே வந்த தோழி, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். திங்கட்கிழமை வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் அதன்பின் எங்கள் மாடிக்கு வரவேயில்லை.

என் மனைவி மகளின் வாயை முந்தானையால் துடைத்தாள். திங்கட்கிழமை காலை, வழக்கமான இடத்தில் டிபன் பாக்ஸ் இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்றிலிருந்து மகள் நான் உட்கார்ந்த மேசையில் சாப்பிடுவதை நிறுத்தினாள். நான் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். குழந்தைப் பிடிவாதம், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். ஆகவில்லை. கேன்டீனில் நான் தின்பதும் நிற்கவில்லை.

ஒலிம்பிக்குக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த வசந்தத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயது. மறுபடியும் கேரவனில் போயிருந்தோம். வெளியே மழை, மூவரும் உள்ளே அடைபட்டிருந்தோம். கழிப்பறைத் தொட்டியின் மருந்து நெடி. அங்கே வைத்துச் சொன்னேன். கேன்டீன், பனி, சோறு, விரல், எல்லாவற்றையும்.

என் மனைவி மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்து முடித்தாள். "தெரியும்" என்றாள்.

"ஏன் கேக்கலை?"

"கேட்டேனே, அந்தக் கொட்டகைல. நீங்களா சொல்லுவீங்கன்னு கொஞ்ச நாள் காத்துட்டிருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப விரலை உங்க வாய்லதானே விட்டிருக்கணும்? எதுக்கு என் வாய்ல?"

"தப்புதான்மா. மன்னிச்சுடு."

"பார்தோங் எல்லாம் வேண்டாம்" என்றாள், மன்னிப்புக்குப் பள்ளிக்கூட பிரெஞ்சுச் சொல்லைப் போட்டு. பிறகு யோசித்துவிட்டு, "நான் சொல்றதைச் செய்வீங்களா?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் நிறுத்தச் சொன்னாள். அவளே போய்ப் பிரெஞ்சில் கேட்டு ஒரு தட்டு வாங்கிவந்தாள். கொழுப்பில் வெந்த மொச்சை, மேலே பன்றி வறுவல். என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. நாங்க பாக்கணும்."

இருவரும் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு வாய்க்கும் எண்ணெய் உதட்டோரம் வழிந்தது, துடைத்துக்கொண்டே தின்றேன். பாதியில் நிறுத்தினேன். "மிச்சம் வைக்காதீங்க" என்றாள் என் மனைவி. தின்று முடித்தேன்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

"நல்லா இருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"சரி, போலாம்மா" என்றாள் அவள்.

அந்த வாரத்திலிருந்து நான் இருக்கும் மேசையில் அவள் சாப்பிட்டாள். பரணில் ஏறிவிட்ட டிபன் பாக்ஸ் மட்டும் இறங்கவேயில்லை. இப்போது மகள் பக்கத்து ஊரான லவாலில் இருக்கிறாள். புத்தாண்டுக்கு நானும் என் மனைவியும் அங்கேதான் போகிறோம். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பேச்சும் சிரிப்பும் உண்டு. ஆனால் பச்சடியைப் பரிமாற நான் கையை நீட்டினால், மகள் தன்னையறியாமல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். ஐம்பது வயது தாண்டியவள். நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிடுகிறேன். அவள் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்கிறாள்.