கிறகோரி வைக்கிற டயோட்

ரேடியோவின் பின்பக்கத்தை மூக்கோடு ஒட்டி மோந்து பார்க்கிறார் கிறகோரி. கருகல் வாடை இல்லை. "அப்பாடா, உயிர் கிடக்கு" என்ற பிறகுதான் அதைக் கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்ப்பார்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, தருமபுரத்தில் ஒரு பூவரச மரத்தடியில் ரேடியோ திருத்துகிற மனிதர் அவர். சண்டை காரணமாக வன்னிக்குள் பற்றறி வரத் தடை. சனங்கள் என்ன செய்வார்கள், பாவம்! செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து, பிளந்த மூங்கிலுக்குள் வரிசையாக அடுக்கிக் கட்டி, இரண்டு வயரை இழுத்து ரேடியோவில் கொழுவுகிறார்கள். இரண்டு வயரும் ஒரே நிறம். அவசரத்தில் மாறிக் கொழுவினால் உள்ளே ஐசி என்கிற சில்லு கருகிவிடும். மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? அவருடைய சொந்த ரேடியோவும் அப்படித்தான் போனது, இடம்பெயர்ந்த அன்றைக்கு, அவர் கையாலேயே. அதற்குப் பிறகு மனுசனுக்கு நிம்மதி கிடையாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும், கைக்கு வருகிற ரேடியோ எல்லாவற்றிலும் பற்றறி வழியில் ஒரு டயோட்டை ஒட்டிவிடுவார். அது மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் விடும். மாறிக் கொழுவினால் ரேடியோ பாடாது, ஆனால் கருகாது.

ஒரு தொல்லை, அந்த டயோட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும்.

மீனம்மா சண்டைக்கே வந்துவிட்டார். அந்த ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுவதும் அவருடைய முற்றத்து ரேடியோவைத்தான் நம்பியிருந்தன. "அண்ணை, உங்கட டயோட்டு கிடக்கிற கொஞ்சக் கரண்டையும் குடிக்குது. பின்னேரச் செய்தி முனகுது, ஒண்டும் விளங்கேல்லை. ஆமி எந்தப் பக்கத்தால வருது எண்டு தெரியாட்டி நாங்கள் எந்தப் பக்கம் ஓடுறது? கழட்டுங்கோ!"

கிறகோரிக்கு முகம் வெளிறிவிட்டது. "கழட்டுறன். ஆனா கொழுவிறது நான்தான். வேற ஆரும் கை வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

அன்று தொடக்கம் பின்னேரமானால் சைக்கிளில் வந்துவிடுகிறார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் உப்புத் தண்ணீர். இரண்டு வயர் நுனியையும் அதற்குள் விடுவார். குமிழ் கிளம்புகிற வயர் மைனஸ்.

நேற்று ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது. முற்றம் நிறையச் சனம், கையில் மூட்டைகள். "செய்தி தொடங்கப்போகுது, கெதியாக் கொழுவுங்கோ அண்ணை!"

"பொறுங்கோ, குமிழ் வரட்டும்." குமிழ் வந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. நுனிகளைத் துடைத்து மறுபடியும் உப்புத் தண்ணீருக்குள் விட்டார். மீனம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கொழுவினார். குரல் தெளிவாக எழுந்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக் குனிந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பது அந்தக் குரலில்தான் இருந்தது.

கிறகோரி மட்டும் அதைக் கேட்கவில்லை. கண்ணை மூடி, ரேடியோவின் பின்பக்கத்தை மோந்துகொண்டிருந்தார்.