உத்திரட்டாதிக்கு நூற்றைம்பத்தொன்று

கணபதிராமன் மாமா ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். மைசூர் யாதவகிரியில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. ஆனால் வீட்டுக் கணக்கு முழுக்க விசாலாக்ஷி மாமி கையில். அதில் அவர் மூக்கை நுழைத்ததே இல்லை. போன ஆடியில் மாமி போய்ச் சேர்ந்த பிறகுதான், இருவர் பெயரிலும் இருந்த பாங்க் கணக்கின் ஸ்டேட்மென்டை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தார்.

"பிரதிபா, இங்க வாயேன். இது என்ன கண்றாவி?"

மாதாமாதம் ஐந்தாம் தேதி மாமியின் கார்டிலிருந்து நூற்றைம்பத்தொரு ரூபாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே நாலு ஆங்கில எழுத்து. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"போனவ கார்டுலேர்ந்து திருடறான் பாரு, படுபாவி!" என்று குதித்தார். எனக்கும் ரத்தம் கொதித்தது. 'இது நாங்கள் செய்யாத செலவு' என்று பாங்க் செயலியில் புகார் கொடுத்தது நான்தான். அமுக்கியது என் விரல். கார்டை முடக்கினார்கள், கடைசி மாதத்துப் பணம் திரும்பியும் வந்தது. வெற்றிக் களிப்பில் மாமா எனக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாமியின் போன் அடித்தது. அதை மாமா இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஸ்பீக்கரில் போட்டார். நஞ்சன்கூட்டில் ஏதோ சின்னக் கோயிலின் அர்ச்சகர், கன்னடத்தில் பேசினார். அம்மா சௌக்கியமா, மகன் பெயருக்கு மாதாமாதம் நூற்றைம்பத்தொரு ரூபாய் கட்டி நடந்த அர்ச்சனை மூன்று மாதமாக நின்றுவிட்டதே என்று விசாரித்தார்.

"வினய், உத்திரட்டாதி நட்சத்திரம். வெளிநாட்டில் இருக்கிறாராமே, நன்றாக இருக்கிறாரா?"

எனக்குத் தெரிந்து அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது. ராங் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டு அதை மறுபடி சார்ஜரில் செருகினார். பிறகு மெதுவாகச் சொன்னார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு பையன் பிறந்தானாம். மூன்று நாள்தான் இருந்தான். பதினோராம் நாள்தானே பெயர் வைப்பது? அதற்குள் போய்விட்டதால் பெயரும் இல்லை, திதியும் இல்லை.

"வினய்னு வெக்கலாம்னு ஆறாம் மாசம் நான்தான் சொன்னேன். ஒரே ஒரு தடவை. அப்புறம் நானும் சொல்லலே, அவளும் சொல்லலே. அவ மறந்துட்டான்னே நெனச்சுண்டிருந்தேன்."

பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். மாமி அது தெரிந்தேதான் செய்திருக்கிறாள். அதற்குப் பிறகு கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டால்கூட, அந்த வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுவது போலவே எனக்கு இருந்தது.

அடுத்த உத்திரட்டாதி அன்று லீவு போட்டுவிட்டு மாமாவுடன் நஞ்சன்கூட்டுக்கு ரயிலேறினேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு அர்ச்சகர் பெயர் கேட்டார். மாமாவுக்குக் குரலே எழும்பவில்லை. மறுபடி கேட்டார். "வினய்!" என்று மாமா போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓ, நீங்கள்தானா! மகன் எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருக்கிறான். வேலை ஜாஸ்தி, வர முடியவில்லை" என்று கன்னடத்தில் பதில் சொன்னார் மாமா. பொய் சொல்லத் தெரியாத மனிதர், துளிக்கூடத் தடுமாறவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் குங்குமப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்து, அதன்மேல் கையை வைத்தபடியே வந்தார். மைசூர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மூணு மாசம் அர்ச்சனை நின்னுடுத்தே. அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"ஒண்ணும் ஆயிருக்காது மாமா. நல்லா இருப்பான்" என்றேன்.