மாட்டுக் கொட்டாய்க்குப் போன ராக்கெட்

1. பற்றவில்லை

அன்று காலை ஒன்பதே காலுக்கு எங்கள் ராக்கெட் பற்றியிருக்க வேண்டும். பற்றவில்லை. ஸ்கிரீனில் உயரம் இருபத்து நான்கு கிலோமீட்டர் என்று காட்டியது. 'ஃபயர்' என்ற கட்டம் மட்டும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மைசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியின் ஒயரிங் செக்‌ஷனில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். வீட்டில் சும்மா இருந்த மூன்றாவது மாதம், எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒருவர், "சால்டரிங் தெரிஞ்ச, நிதானமான ஆள் வேணுமாம், போறீங்களா?" என்று கேட்டார். போனேன். சின்னக் கம்பெனி. முதலாளி ரகுநந்தனுக்கு என் மகன் வயது. அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதிப் பேச்சு கன்னடத்தில் இருக்கும்.

முதல் நாளே கேட்டேன். "ராக்கெட்டை எதுக்கு சார் பலூன்ல கட்டணும்? தரையிலேர்ந்தே விடலாமே?"

"மேடம், சாயங்காலம் தேவராஜ மார்க்கெட் பூக்கடைப் பக்கம் நீங்க ஓட முடியுமா? ஆகல்ல அல்வா, முடியாதில்ல? கீழே காத்து அப்படித்தான், ஒரே நெரிசல். அதைத் தள்ளிக்கிட்டுப் போறதுலயே ராக்கெட்டுக்கு மூச்சு வாங்கிடும். பலூன் மெதுவா நெரிசலைத் தாண்டிக் கூட்டிட்டுப் போயிடும். அங்க கொளுத்தினா சின்ன ராக்கெட்டே போதும்."

அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ராக்கெட்டைப் பற்றவைக்கும் இக்னைட்டர், அதற்கான ஒயர், பேட்டரி எல்லாம் என் பொறுப்பு. பலூன் கிளம்புமுன் கடைசியாக ராக்கெட்டைத் தொடும் கை என்னுடையது. அன்றும் அப்படித்தான். மாதேஸ்வரன் மலைக் காட்டுக்கு மேலே பற்ற வேண்டியது பற்றாமலே போனதால், ரகு பலூனை அறுத்துவிடச் சொன்னார். ராக்கெட்டும் அதோடு கட்டிய பேட்டரிப் பெட்டியும் பாரசூட்டில் இறங்கத் தொடங்கின. ஹனூரைத் தாண்டி எங்கோ சிக்னல் நின்றது.

2. ஃபோன்

பெட்டியின் மேல் என் செல் நம்பர்தான் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் கன்னடமோ தமிழோ பேசுவார்கள், நான் இரண்டும் பேசுவேன் என்பதால் ரகு செய்த ஏற்பாடு. பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது.

"ஏனுங்க, உங்க பொட்டிங்களா இது? ராமாபுரத்துல இருந்து பேசறனுங்க. பேரு பழனிசாமி. எங்க மக்காச்சோளக் காட்ல வந்து உளுந்துச்சுங்க. வெயில்ல கெட்டுப்போயிருமோன்னு, அதோட இருக்கற கொழாயையும் சேத்துத் தூக்கியாந்து மாட்டுக் கொட்டாயில வெச்சிருக்கறனுங்க."

நல்ல மனிதர், நல்லதுதான் நினைத்தார். ஆனால் வீட்டுப் பக்கம் கொண்டுவந்ததுதான் ஆபத்து.

விஷயம் இதுதான். ராக்கெட் பற்ற இரண்டு ஏற்பாடுகள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, காற்று மெலிந்தால் மூடிக்கொண்டு கரண்டை விடும் பிரஷர் சுவிட்ச். அது கீழே இறங்கினால் திறந்து கரண்டை நிறுத்திவிட வேண்டும். கடைசி சிக்னல் வரை திறக்கவில்லை, சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது, பேட்டரி. அது மேலே குளிரில் செத்துப்போயிருந்தது. குளிரில் செத்த பேட்டரி சூடானால் பிழைத்துக்கொள்ளும். பிழைத்ததும் டைமர் எண்ணத் தொடங்கும்; எண்ணி முடித்தால் ராக்கெட் பற்றிவிடும்.

"கொட்டாய்க்கு மேல என்ன கூரைங்க?" என்று கேட்டேன்.

"தகரமுங்க."

ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டு ரகுவிடம் சொன்னேன். "பெட்டி பக்கத்துப் பையிலேயே சிவப்பு பிளக் இருக்கே மேடம். அவரையே சொருகச் சொல்லுங்க. சொருகிட்டா கரண்ட் போகாது. ரெண்டு நிமிஷ வேலை."

"சொருகறப்ப அவர் முகம் அதுக்கு நேரா இருக்கும் சார். நான் சொல்ல மாட்டேன்."

"நாம போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும். ஆளை வெளியே கொண்டு வந்துட்டா போதும்."

பழனிசாமியிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு தூரமாகப் போய்விடச் சொன்னேன்.

"மாட்ட உட்டுப்போட்டு எப்படிங்க போறது? செனை மாடுங்க. நாள் கிட்டத்துல வந்திருச்சு."

வேண்டாம் என்றால் கேட்கப்போவதில்லை. ஃபோனை வைத்துவிட்டு அவர் இஷ்டப்படி உள்ளே போவார். "கூர் முனை எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்து இருக்கிறது என்றார். "முனைப் பக்கமும் போகாதீங்க, வால் பக்கமும் போகாதீங்க. பக்கவாட்டுல போய்க் கயித்தை அவுத்துட்டு நேரா வெளிய வந்துடுங்க. ஃபோனை வைக்காதீங்க."

அவர் நடப்பது கேட்டது. பிறகு, "வா சாமி, வா" என்று மாட்டிடம் பேசுவது. அது நகரவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கெஞ்சினார். நான் ஜெபம் செய்ய நினைத்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

"வந்துட்டமுங்க," என்றார். பின்னால் ஒரு பெண் அவரைத் திட்டுவது கேட்டது.

3. வழியில்

ரகுதான் ஜீப்பை ஓட்டினார். டி. நரசிபுரம் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"சார், பேட்டரி செத்ததுக்குக் காரணம் நான். குளிர் தாக்காம அதைச் சுத்தியிருக்கிற ஃபோம் தடிமனா இருந்து மூடி பொருந்தலை. ஒரு பக்கம் வெட்டி எடுத்துட்டுத்தான் மூடினேன். சொல்லணும்னு நெனச்சேன். பலூன்ல கேஸ் ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க, சொல்லாம விட்டுட்டேன்."

கொள்ளேகால் வரை அவர் வண்டியை விரட்டினார். பிறகு, "முதல்ல பிளக். மிச்சமெல்லாம் அப்புறம்," என்றார்.

4. பிளக்

ராமாபுரத்தில் பழனிசாமி நான் சொன்னதற்கு மேலேயே செய்திருந்தார். பாதையின் குறுக்கே கயிறு கட்டி, அக்கம்பக்கத்துக்காரர்களையும் தூரத்துப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போயிருந்தார். மாடும் அங்கேதான் நின்றது.

"நான் போறேன்," என்றார் ரகு.

"ஒயரிங் என்னோடது சார்."

கொட்டாய்க்குள் அனல். பக்கவாட்டில் போய் மண்டியிட்டேன். பெட்டியின் சின்ன ஜன்னலில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி பிழைத்துவிட்டது. இனி டைமர் எப்போது வேண்டுமானாலும் எண்ணி முடிக்கலாம். பையைத் திறந்து சிவப்பு பிளக்கை எடுத்தேன். முப்பத்தோரு வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. அன்று துளையைக் கண்டுபிடிக்க இரண்டு முறை தடவினேன். மூன்றாவது முறை 'டக்' என்று உட்கார்ந்தது. விளக்கு அணைந்தது.

வெளியே வந்தேன். பழனிசாமியின் மனைவி என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டுக் கையில் கொடுத்தார்.

"பயமா இல்லீங்களாக்கா?"

"இருந்துச்சு. இன்னும் இருக்கு."

"எங்கூட்டுக்காரருக்கு அது இல்லீங்க. அதுதான் எனக்கு ரோதனை," என்று சொல்லி இன்னொரு உருண்டை வைத்தார்.

5. ரிப்போர்ட்

மறுநாள் ரிப்போர்ட் எழுதினேன். ஃபோமை வெட்டியது யார், சொல்லாமல் விட்டது யார் என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். ஃபேக்டரியில் இதைவிடச் சின்னத் தப்புக்கு ஆட்கள் போனதைப் பார்த்தவள்.

ரகு இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு விட்டுட்டீங்க மேடம். பிளக்கைச் சொருக ஒரு விவசாயியை அனுப்பலாம்னு நான் சொன்னேன். அதையும் எழுதுங்க."

"அது பதட்டத்துல சொன்னது சார்."

"நீங்க வெட்டினதும் அவசரத்துலதானே? எழுதுங்க. பேரைப் போட்டே எழுதுங்க."

எழுதினேன். அதன் பிறகு பிரஷர் சுவிட்ச் ஒன்றுக்கு இரண்டாக ஆனது. பெட்டியில் மூன்று மொழியில் 'தொடாதீர்கள், தூரம் போங்கள்' என்று அச்சடித்தோம். அடுத்த பலூனில் போன ராக்கெட் இருபத்தைந்து கிலோமீட்டரில் பற்றியது; ஸ்கிரீனில் கட்டம் சிவப்பானபோது ரகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறோம். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். மூடியை மாட்டும்போது எதையாவது மாற்றினால், அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அது எந்த வீட்டில் போய் இறங்கும் என்பது நமக்குத் தெரியாது.