செவ்வாய்க்கிழமைக் கட்டங்கள்

என் மகள் பள்ளிக்கூட நாட்களில் சேர்த்த தபால்தலை ஆல்பம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவள் அதைக் கேட்பதில்லை. நானும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஹங்கேரி, போலந்து, செக்கோஸ்லோவாகியா, கிழக்கு ஜெர்மனி என்று பக்கம் பக்கமாக ஒட்டியிருப்பாள். அவ்வளவும் எனக்கு வந்த கார்டுகளிலிருந்து பிரித்தெடுத்தவை.

மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தால், அந்தப் பத்திரிகை கிடைக்காத ஊர்களிலிருந்து மருத்துவர்கள் கார்டு போடுவார்கள். அச்சடித்த கார்டுதான். நம் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் மட்டும் கையால் எழுதி, ஒரு பிரதி அனுப்பினால் நன்றியுடையவனாவேன் என்று கேட்பார்கள். நாம் எழுதியது எத்தனை தூரம் போயிருக்கிறது என்பதற்கு எண்பதுகளில் எங்களுக்கு இருந்த அளவுகோல் அந்தக் கார்டுகள்தான். தபால்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சைக்கிளை நிறுத்தி, "சார், இன்னைக்கும் ஃபாரின்" என்று சொல்லும்போது வெளிநோயாளிகள் வரிசையே என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகக் கார்டை மெதுவாக வாங்குவேன்.

அப்போது நான் அங்கே நெஞ்சுநோய்ப் பிரிவு மருத்துவன். மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் போக ஆசை. அதற்குக் கட்டுரைப் பட்டியல் வேண்டும். என்னோடு படித்த நான்கு பேருக்கும் இதே ஆசை. ஒருவன் கண், ஒருவன் தோல், ஒருவன் எலும்பு, ஒருவன் குழந்தை மருத்துவம். ஐந்து பேரும் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். யார் எழுதினாலும் ஐந்து பெயரும் போடுவது. எழுதியவன் பெயர் முதலில். இப்படித்தான் கண்புரையைப் பற்றியும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றியும் நான் ஆராய்ச்சி செய்தவனானேன். அவற்றில் சிலவற்றை நான் முழுதாக வாசித்ததுகூட இல்லை.

என் பங்குக்கு நான் எழுதியது ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளிகளின் மூச்சைப் பற்றி. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை தூசிக்குள் போனதும் அவர்களுக்கு நெஞ்சு இறுகும். அந்த இறுக்கம் மறுநாள் குறைகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. நான் எழுதினேன் என்று சொன்னேன். அளந்தது நான் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் அம்மா அளந்தார். சேத்தூர்க்காரர். ஆடி மாதம் முழுவதும் ஒவ்வொரு திங்களும் செவ்வாயும் மத்தியான பஸ் பிடித்து, மூச்சின் வேகத்தை அளக்கும் ஊதும் மீட்டரையும் ஸ்பிரிட் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு மில் வாசலுக்குப் போவார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நிறுத்தி ஊதச் சொல்வார். நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதுவார். அவர் கையெழுத்தில் ஓர் அடித்தல் இருக்காது.

நோட்டு என் மேசைக்கு வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆண்களின் கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. கழிவுப் பஞ்சு பிரிக்கும் பெண்களுக்குத் திங்கட்கிழமைக் கட்டங்கள் மட்டும் நிறைந்திருந்தன. செவ்வாய் முழுவதும் காலி.

"செவ்வாய்க்கிழமை பொம்பளைங்க வரலையா?"

"வந்தாங்க சார். அன்னைக்கு ஊத மாட்டாங்க."

"ஏன்?"

அவர் சிரித்துவிட்டார். "அத மட்டும் கேக்காதீங்க சார். ஆம்பளைங்ககிட்ட சொல்லக் கூடாது."

ஏதோ மாதவிலக்குச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் பெண்களுக்கும் எல்லாச் செவ்வாயும் அப்படி இருக்க முடியாது என்று ஒரு மருத்துவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கட்டுரை அனுப்ப அவசரம். பெண்களுக்குத் திங்களன்று வந்த இறுக்கம் மறுநாளே தணிந்துவிடுவதால் அவர்கள் இரண்டாம் நாள் சோதனைக்கு அக்கறை காட்டவில்லை என்று ஒரு வாக்கியம் எழுதினேன். இங்கிலீஷில் அது நன்றாகவே அமைந்தது.

தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த அம்மா கதவோரம் நின்று கேட்டார். "சார், எம் பேரு எங்கயாவது வருமா?"

"வரும்மா, வரும்."

பத்திரிகை ஐந்து பெயருக்கு மேல் ஏற்காது. கண் மருத்துவ நண்பனிடம் இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கிறாயா என்று போனில் கேட்டேன். "ஏலே, மில்லுல கண்ணுல பஞ்சு விழாதா? அதுக்குத்தாம்லே நான்" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் மில் நிர்வாகத்தின் பெயர் வந்தது. அவர் பெயர் அங்கேயும் வரவில்லை. மரியாதைக்காக மில் மேனேஜருக்கு ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

கார்டுகள் வரத் தொடங்கின. ஒருநாள் அவர், "சார், ஒரு ஸ்டாம்பு கிடைக்குமா? எம் மக கேட்டுச்சு" என்றார். என் மகளிடம் இரண்டாக இருந்த ஹங்கேரி தபால்தலையில் ஒன்றைக் கொடுத்தேன். பெரிய மனதோடு கொடுத்ததாகவே அன்று நினைத்தேன்.

அந்தப் பட்டியல் எனக்கு மதுரையில் ஆசிரியர் வேலை வாங்கிக் கொடுத்தது. நேர்முகத் தேர்வில் ஒருவர், "இத்தனை துறையிலா?" என்று வியந்தார். தலையைக் குனிந்து அடக்கமாக இருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்க, நான் பஸ்ஸில் போய்வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் சென்னையில் மருத்துவம் சேர்ந்தாள். அங்கே ஒரு நூலகத்தில் தடித்தடியான அட்டவணைப் புத்தகங்கள் இருந்தன. ஒரு கட்டுரையைப் பிற்பாடு யார் யார் எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார்கள் என்று அவற்றில் பார்க்கலாம். முதல் ஆசிரியர் பெயரை வைத்துத் தேட வேண்டும். அப்பா பெயரைத் தேட வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதல் ஆசை. என் நண்பர்கள் நால்வர் பெயரையும் தேடியிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு தாளை என் முன் வைத்தாள்.

"கண்ணு, தோலு, எலும்பு எதையும் யாரும் சீண்டலப்பா. உங்க மில் பேப்பர மட்டும் நெறயப் பேரு எடுத்திருக்காங்க." தாளில் ஒரு வரியைக் காட்டினாள். "ஆனா எல்லாரும் எடுத்தது ஒரே வாக்கியம். பெண்களுக்கு மறுநாளே சரியாயிரும்ங்கிறது. அதுக்கு ரீடிங் எங்கப்பா? டேபிள்ல பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமையே இல்லையே?"

"நோட்டு அந்த டெக்னீஷியன் அம்மாகிட்ட இருக்கும்" என்றேன்.

"அப்ப போய்க் கேப்போம்."

நான் தட்டிக்கழித்துப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே சேத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பேசிக்கொண்டே வந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் இவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

அந்த அம்மா ஓய்வு பெற்றிருந்தார். "வாங்க சார், வா பாப்பா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நோட்டு டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. மகள் காலிக் கட்டங்களில் விரலை வைத்துக் கேட்டாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "பாப்பா, நீ செத்த உள்ள வா" என்று அவளை மட்டும் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருவரும் சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு வெகுநேரம் அந்த அம்மாவின் குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்த மகள் பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அங்கே வந்து நின்றதும் சொன்னாள். "ஆடிச் செவ்வாய் நோன்புப்பா. அன்னைக்கு நாலு பேரு வாய் வச்ச குழாய வாயில வைக்க மாட்டாங்க. ஸ்பிரிட்ல தொடச்சாலும் எச்சில் எச்சில்தான். நோன்புன்னு ஆம்பளைகிட்ட வாயால சொல்லவும் கூடாது. நம்ம வீட்ல அம்மா இருக்கலையா? உங்கள நேரத்தோட படுக்கச் சொல்லிட்டு?"

என் வீட்டில் வருடாவருடம் நடந்தது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் முடியாது. கேட்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

"மூச்சு சரியானதால இல்லப்பா" என்றாள். "செவ்வாய்க்கிழமை இன்னும் மோசமா இருந்துச்சாம். மாடிப்படியில உக்காந்து உக்காந்து ஏறுவாங்களாம். பொறவு அந்த மில் பொம்பளைங்க வேற செக்ஷனுக்கு மாத்திக் கேட்டப்ப, மேனேஜர் உங்க பேப்பரத்தான் எடுத்துக் காட்டினாராம். பொம்பளைகளுக்கு ஒரே நாள்ல சரியாயிரும்னு டாக்டரே எழுதியிருக்காருன்னு."

"டெக்னீஷியன் அம்மா ஏன் என்கிட்ட வந்து சொல்லல?"

"நானும் கேட்டேன். அந்த பேப்பர்ல என்ன இருக்குன்னு மேனேஜர் சொல்லித்தான் அவங்களுக்கே தெரியுமாம். நீங்க அவங்ககிட்ட காட்டவே இல்லையாமே." பஸ் வந்தது. ஏறியதும் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

திருத்தக் கடிதத்தை அவளே எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவின் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். நண்பர்களிடம் சொன்னபோது கண் மருத்துவன், "பத்து வருசத்துக்குப் பொறவு எதுக்குலே வம்பு? எம் பேர இழுக்காத" என்றான். மில்லுக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். கழிவுப் பஞ்சு அறையில் அப்போது வேறு பெண்கள் இருந்தார்கள்.

பத்திரிகை அதைப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டது. எடுத்துக்கொண்டு நான் தனியாகச் சேத்தூர் போனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேட்க விடவில்லை அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரின் மேல் விரலை வைத்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்து, "இதுக்கும் கார்டு வருமா சார்?" என்றார்.

"வரும்மா, வரும்."

பழைய வார்த்தையே வாயில் வந்துவிட்டது. திருத்தங்களுக்கு யாரும் கார்டு போடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு விடுமுறையிலும் மகள் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு வருகிறாள். பழைய கட்டுரையை இன்னும் யாராவது எடுத்துக்காட்டுகிறார்கள். திருத்தத்தை ஒருவரும் எடுக்கவில்லை. அவள் குரலில் கோபம் இல்லாமல்தான் சொல்கிறாள். இப்போது அவளையும் சீனியர்கள் தங்கள் கட்டுரைகளில் பெயர் சேர்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்களாம். என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாமல் பயந்துகொண்டு இருக்கிறேன்.

போன மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைத் தூரத்தில் பார்த்தேன். கையில் பையோடு சேத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கார்டு வந்ததா என்று கேட்பார். நான் பக்கத்தில் நின்ற தென்காசி பஸ்ஸின் மறைவுக்குப் போய், அவர் ஏறிப் போகும் வரை அங்கேயே நின்றேன்.