வாப்பாவுக்கு அறையில்லை

கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கவிதையும் எழுதுவேன். பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தால் நல்ல டீச்சர் என்பார்கள். கவிதை பத்திரிகையில் வந்தால், “அவக்கு வீட்டுல வேலயில்லயா?” என்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டேதான் தொகுப்புகள் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் கொடுத்துவிட வேண்டும். வாப்பா கட்டார் நாட்டில் லொறி ஓட்டி ஒரு வீடு கட்டினார். ஒரே பிள்ளையான எனக்குக் கலியாணம் ஆனதும் அது என் பெயருக்கு வந்தது. வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் தகரம் போட்ட, அடுப்புக்கரி படிந்த பழைய குசினிக்குப் போனார்கள். முன் அறையில் இருக்கச் சொன்னேன். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் அர்த்தம் வாப்பாவுக்கு விளங்கியது. “எங்களுக்கு இது போதும் மகள்” என்றார். கணித ஆசிரியரான கணவர் முன் அறையில் மேசை போட்டு டியூஷன் வகுப்பு தொடங்கினார். வாப்பா அந்தத் தகரத்துக்குக் கீழேதான் கடைசி மூச்சை விட்டு மௌத்தானார்.

அதற்குப் பிறகு எழுதிய கவிதை இப்படி முடியும்:

வாப்பா கட்டிய வீட்டில்
வாப்பாவுக்கு அறையில்லை.

நான் ஓய்வு பெற்றபோது ஊரில் பாராட்டு விழா எடுத்தார்கள். பொன்னாடையைக் கணவரின் கையில் கொடுத்தார்கள். அவர் பெண்கள் பக்கம் வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அறிவிப்பாளர் அந்தக் கவிதையை வாசித்தார். கட்டார் வெயில் வந்தது, சிமெந்து வந்தது, கலியாணப் பந்தல் வந்தது. கடைசி இரண்டு வரிகள் வரவில்லை. சபை கைதட்டியது.

சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் இடத்தில் அறிவிப்பாளரைப் பிடித்தேன். என்னிடம் படித்தவர்தான்.

“ஏன் மகன் முடிவ விட்டீங்க?”

“நானில்ல டீச்சர். சேர்தான் அந்த ரெண்டு வரியும் வேணாமெண்டு சொன்ன. ஒங்களுக்குத் தெரியுமெண்டு நெனச்சன்.”

சேர் என்று அவர் சொன்னது என் கணவரை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“நம்மட வீட்டுக் கதய சபையில வாசிக்கிறதா? ஆக்கள் என்னயத்தானே பாப்பாங்க.”

“அப்ப ஒங்களப் பத்தித்தானெண்டு வெளங்கி இருக்கு.”

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு விளங்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அதுவும் அன்றோடு போனது.

காலையில் டியூஷன் மேசைகளை வெளியே இழுத்துப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அறையைக் கூட்டி, கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து புதுவிரிப்புப் போட்டு, பின்வளவுக்கு உம்மாவைக் கூப்பிடப் போனேன்.

“இனி என்னத்துக்கு மகள்? எனக்கு இஞ்ச பழகிட்டு.”

கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். வரவில்லை. அந்த வாரமே வகுப்புப் பிள்ளைகள் மேசைகளை உள்ளே தூக்கி வைத்துவிட்டார்கள்.